கடல் பின்வாங்கும் ஊர்: ஸ்காக்வேயில் ஒரு நாள்

காலை ஒன்பது மணிக்கு நாங்கள் சொகுசுக் கப்பலிலிருந்து இறங்கி, சிறு படகில் ஏறி, ஒரு மிதவை மேடையில் கால் வைத்தோம். மேடையிலிருந்து கரைக்கு ஏற ஓர் அலுமினியப் பாலம். அதன் ஒரு முனை கரையில் மாட்டப்பட்டிருந்தது. மறுமுனை மிதவை மேடைமீது சக்கரங்களில் நின்றது. பாலம் செங்குத்தாக இருந்தது. முன்னால் போன முதியவர் ஒருவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார்.

“ஏன்ப்பா இவ்வளவு சாய்வா கட்டியிருக்காங்க?” என்று கேட்டாள் மகள். படிவம் நான்கில் படிக்கிறாள்.

“சாயங்காலம் இதே பாலத்துல இறங்கும்போது நீயே சொல்லு. இப்ப கைப்பேசியில சாய்வை அளந்து வச்சுக்கோ,” என்றேன். கைப்பேசியின் மட்டப்பலகைச் செயலியைப் பாலத்தின் தரையில் வைத்தாள். 12 பாகை காட்டியது. பாலத்தின் நீளத்தைக் காலடியால் எண்ணினாள். 33 அடிகள், அடிக்கு முக்கால் மீட்டர் என்று கொண்டால் ஏறக்குறைய 25 மீட்டர். அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தோம். அவற்றுக்குப் பிறகு வருவோம்.

ஊரின் பெயர் ஸ்காக்வே. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது. வான்கூவரில் இருக்கும் என் தம்பியைப் பார்க்கப் போனபோது, அங்கிருந்து கப்பலில் ஒரு வாரம் வடக்கே போய்வரலாம் என்று கிளம்பினோம். 2023 ஆகஸ்ட் மாதம். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்களுக்கு அங்கே ஆகஸ்டிலும் இரண்டு சட்டை வேண்டும்.

2020 கணக்கெடுப்பின்படி இந்த ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,240. நம் நாட்டில் ஓர் இடைநிலைப்பள்ளியில் காலைச் சபைகூடலுக்கு நிற்பவர்களே இதைவிட அதிகம் இருப்பார்கள். ஆனால், கோடையில் ஒரே நாளில் மூன்று, நான்கு கப்பல்கள் வந்து நின்றால் 10,000 பேருக்கு மேல் இறங்குகிறார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர். ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் எட்டு, ஒன்பது விருந்தாளிகள் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்ததுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிறிய ஊருக்கு ஏறத்தாழ 300 மீட்டர் நீளக் கப்பல் எப்படி வர முடிகிறது? அதற்கான விடை தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

பனி வெட்டிய வாய்க்கால்

கப்பல் ஸ்காக்வேக்குள் நுழையும் நீர்வழியின் பெயர் லின் கால்வாய். பெயர்தான் கால்வாய், மனிதர் வெட்டியதன்று. ஏறக்குறைய 140 கிலோமீட்டர் நீளமுள்ள ஃபியர்டு அது. பனியுகத்தில் மலைகளிலிருந்து இறங்கிய பனியாறுகள் அடியிலும் பக்கங்களிலும் பாறையைச் சுரண்டிக்கொண்டே போயின. பனி உருகியபின் அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. மிக ஆழமான இடத்தில் 600 மீட்டருக்கும் அதிக ஆழம். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அதை அங்கே இறக்கினால் உச்சி ஊசிகூட வெளியே தெரியாது. பெரிய சொகுசுக் கப்பலுக்கு நீருக்குக் கீழே தேவைப்படுவதோ எட்டு, ஒன்பது மீட்டர்தான். அதனால்தான் கப்பல் மலையடிவாரம் வரை கவலையின்றி வருகிறது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். ஆறு வெட்டும் பள்ளத்தாக்கு பெரும்பாலும் ஆங்கில எழுத்து ‘வி’ வடிவத்தில் இருக்கும். பனியாறு வெட்டுவது ‘யு’ வடிவம். அடி தட்டையாகவும் பக்கங்கள் சுவர்போலவும் இருக்கும். அந்தச் சுவர்தான் கப்பலுக்கு வசதி. அதே சுவர்தான் இப்போது ஊருக்குச் சிக்கலாகவும் ஆகியிருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

கடலின் நிறம் வேறு மாதிரி இருந்தது. பாலில் சிறிது நீலம் கலந்ததுபோல். பனியாறு பாறையை அரைக்கும்போது மாவுபோன்ற துகள்கள் உண்டாகின்றன. அவை மிகச் சிறியவை என்பதால் சீக்கிரம் அடியில் படிவதில்லை. நீரில் மிதந்தபடி ஒளியைச் சிதறடிக்கின்றன. பனி உருகிய நன்னீர், உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே கடலின் மேற்பரப்பில் ஒரு தனிப் போர்வைபோல் பரவுகிறது. கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் ஆற்றின் வாயருகே இரண்டு நிற நீருக்கு இடையே கோடு போட்டதுபோல் தெரிந்தது.

தங்கத்துக்காக வந்தவர்கள்

1896 ஆகஸ்டில் கனடாவின் யூகோன் பகுதியில், குளோண்டைக் ஆற்றை ஒட்டிய ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. செய்தி மறுவருடம் வெளியுலகை எட்டியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் புறப்பட்டார்கள் என்று சொல்வார்கள். கடல் வழியாக வந்தவர்கள் இறங்கிய இடங்களில் முக்கியமானது ஸ்காக்வே. இங்கிருந்து மலையைக் கடந்தால்தான் தங்க வயல். கனடாக் காவல் படையினர் ஒரு விதி வைத்தார்கள்: ஓராண்டுக்கான உணவும் கருவிகளும் இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது. மொத்தம் ஏறக்குறைய ஒரு டன். அதை முதுகில் சுமந்து, ஒரே மலையை முப்பது, நாற்பது முறை ஏறி இறங்கியவர்கள் உண்டு. வெள்ளைக் கணவாய் வழியில் ஏறத்தாழ 3,000 குதிரைகள் செத்தன.

இந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஊரின் ஒவ்வொரு கடையிலும் அதையே விற்கிறார்கள். எனக்கு அதைவிட அங்கே 1898இல் தொடங்கிய ரயில் பிடித்திருந்தது. கடல்மட்டத்தில் கிளம்பி 32 கிலோமீட்டரில் 870 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 3.9 விழுக்காடு, அதாவது 100 மீட்டர் போனால் ஏறக்குறைய 4 மீட்டர் உயர்வு. சைக்கிளில் இது சாதாரணம். வழுக்கும் இரும்புச் சக்கரம், வழுக்கும் இரும்புத் தண்டவாளம் என்று வரும்போது, இது பெரிய ஏற்றம். தண்டவாளங்களுக்கு இடையே மூன்றடி, அதாவது 914 மில்லிமீட்டர். நம் கேடிஎம் ரயிலின் பாதை 1,000 மில்லிமீட்டர். பாதை குறுகலாக இருந்தால் ரயில் கூர்மையான வளைவுகளில் திரும்பலாம், மலையில் குறைவாக வெடி வைத்தால் போதும்.

தங்க வேட்டை இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஓய்ந்தது. ரயில் பிழைத்தது. பின்னாளில் யூகோனின் சுரங்கங்களிலிருந்து ஈயமும் துத்தநாகமும் கலந்த தாதுவைச் சுமந்து ஸ்காக்வே துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. 1982இல் உலோக விலை சரிந்து சுரங்கம் மூடப்பட்டதும் ரயிலும் நின்றது. 1988இல் மீண்டும் ஓடத் தொடங்கியது, இந்த முறை சுற்றுப்பயணிகளுக்காக. தாதுத் தூள் மட்டும் போகவில்லை. துறைமுகத்தின் அடிமண்ணிலும், ஊருக்குள் ஓடும் புல்லன் ஓடையின் கீழ்ப்பகுதியிலும் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் தங்கிவிட்டன.

அந்த ஓடையின் சிறு பாலத்தில் கூட்டமாக இருந்தது. எட்டிப் பார்த்தோம். முழங்கால் ஆழத் தண்ணீரில் இளஞ்சிவப்பு சால்மன் மீன்கள். சரியாக இரண்டு ஆண்டுகள் வாழும் மீன் இது. ஓடையில் பொரிந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் திரும்பி வந்து, இட்டதும் இறந்துவிடும். முதுகில் கூனல் விழுந்த ஆண் மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்பதுபோல் நீந்திக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே பேருந்துகள் உறுமின. என் மகள் அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டாள்.

மேலே எழும் நிலம்

உலகெங்கும் கடல்மட்டம் உயர்கிறது என்று பாடநூலில் படிக்கிறீர்கள். உயர்வு ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர். நம் கடலோரத் தாழ்நிலங்களுக்கும் தீவுகளுக்கும் அது உண்மையான கவலை.

ஸ்காக்வேயில் தலைகீழ். அங்குள்ள அலை அளவி 1940களிலிருந்து எடுத்த கணக்கின்படி, கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் இறங்கிக்கொண்டிருக்கிறது. உலகிலேயே மிக வேகமாகக் கடல் ‘இறங்கும்’ இடங்களில் இது ஒன்று.

கடல் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்ததுதானே, ஓர் ஊரில் மட்டும் எப்படி இறங்கும்? இறங்குவது கடல் அன்று; நிலம் ஏறுகிறது. அலை அளவி நிலத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. நிலத்தோடு சேர்ந்து அதுவும் மேலே போகிறது. அதன் கண்ணுக்குக் கடல் தாழ்வதுபோல் தெரிகிறது. உலகக் கடல் ஆண்டுக்கு 3, 4 மில்லிமீட்டர் உயர்ந்தும், இங்கே 17 மில்லிமீட்டர் இறங்கியதாகக் காட்டுகிறது என்றால், நிலம் உண்மையில் ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர் அளவில் எழுகிறது என்று ஆகிறது. உங்கள் விரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அதில் பாதிக்கும் மேலான வேகத்தில் ஒரு மலைநாடே எழுகிறது.

காரணம் பனிதான். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஸ்காக்வேக்குத் தென்மேற்கே உள்ள பனியாற்று விரிகுடா முழுவதும் ஒரே பனிப்பாளமாக இருந்தது. சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். அதன் எடையில் புவியின் மேலோடு கீழே அழுந்தியிருந்தது. அதற்குப் பிறகு பனி நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பின்வாங்கியது. மெத்தையில் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்திருங்கள். பள்ளம் உடனே மறையாது. மெல்ல மெல்ல மேலே வரும். மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகப் பாறை திண்மம்தான். ஆனாலும், நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் கெட்டியான பாகுபோல் நகரக்கூடியது. அழுத்தம் போனதும் அது பள்ளத்துக்கு அடியில் மெதுவாகத் திரும்பி வருகிறது. இதை நில மீளெழுச்சி என்கிறார்கள்.

இதனால் அந்த வட்டாரத்தில் கடலாக இருந்த சேற்றுநிலம் புல்வெளியாகிறது. கடற்கரையில் வீடு கட்டியவரின் காணி, அவர் எதுவும் செய்யாமலே, ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிறது. துறைமுகத்துக்கோ இது நல்ல செய்தி இல்லை. படகுத்துறையில் ஆழம் குறையும். அதோடு ஆறும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும்.

1994 நவம்பர் 3

எங்கள் கப்பல் கட்டப்பட்டிருந்தது ஊரின் கிழக்குப் பக்கத்திலுள்ள ரயில் துறைமேடையில். கப்பல் மேடையை ஒட்டியே நின்றாலும், அந்த மேடையில் நடக்க எங்களை விடவில்லை. மறுபக்கமாக இறங்கி, படகில் ஏறிப் படகுத்துறைக்கு வந்தோம். பலர் எரிச்சலாகப் பேசினார்கள். காரணத்தைத் தெரிந்துகொண்டால் எரிச்சல் குறையும்.

முதலில் பழைய கதை. 1994 நவம்பர் 3ஆம் நாள் மாலை. இதே துறைமேடையைப் புதுப்பிக்கும் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. அன்று கடல் மிகத் தாழ்ந்த வற்றம். திடீரென்று மேடையின் பெரும்பகுதி கடலுக்குள் சரிந்தது. அதனால் எழுந்த சுனாமி குறுகிய துறைமுகத்துக்குள் முன்னும் பின்னும் மோதியது. கரையோரத்தில் அலையின் உயரம் 9 முதல் 11 மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அன்று அங்கே நிலநடுக்கம் எதுவும் இல்லை.

பிறகு ஆராய்ந்தவர்கள் நீருக்கடி நிலச்சரிவையே காரணமாகக் கண்டார்கள். ஏன் வற்றத்தின்போது நடந்தது? ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய தளர்ந்த மண் கடலடியில் செங்குத்தான சரிவாக நிற்கிறது. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது, தண்ணீரின் எடை அந்தச் சரிவை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கிறது. கடல் வற்றும்போது அந்தத் தாங்கல் போய்விடும். ஆனால், மண்துகள்களுக்கு இடையே புகுந்த நீர் அவ்வளவு வேகமாக வடிவதில்லை. அது உள்ளிருந்து துகள்களைத் தள்ளி, அவற்றுக்கு இடையேயான உராய்வைக் குறைக்கிறது. வெளியே பிடிமானம் இல்லை, உள்ளே தள்ளல். மேலே கட்டுமானப் பொருள்களின் எடை வேறு.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு தட்டில் மணலை ஒருபக்கம் குவித்து, தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு தட்டைச் சாய்த்துத் தண்ணீரை வேகமாக வடித்துப் பாருங்கள். மெதுவாக வடித்தபோது நின்ற குவியல், வேகமாக வடித்தால் சரிவதைக் காண்பீர்கள்.

இப்போது ஆபத்து மேலிருந்து

1994இல் துறைமேடைக்கு ஆபத்து கீழிருந்து வந்தது. 2022இல் மேலிருந்து. துறைமேடையை ஒட்டி உயர்ந்து நிற்கும் பாறைச் சுவரிலிருந்து அந்தக் கோடையில் பலமுறை பாறைகள் உடைந்து விழுந்தன. மேடையின் முன்பகுதியைப் பயணிகளுக்கு மூடினார்கள். மறுவருடமும் அந்த இடத்தில் கப்பல் கட்டினால் பயணிகளைப் படகில்தான் இறக்க வேண்டும் என்று ஆயிற்று. அந்தச் சுவரில்தான் பல பத்தாண்டுகளாகக் கப்பல் ஊழியர்கள் தங்கள் கப்பல்களின் பெயரையும் சின்னத்தையும் வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். படகிலிருந்து பார்த்தபோது பள்ளிச் சுவரில் மாணவர்கள் கிறுக்கியதுபோலத்தான் இருந்தது.

பாறை ஏன் உடைகிறது? தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகுகிறது. பாறை வெடிப்பில் புகுந்த மழைநீர் குளிர்காலத்தில் உறைந்து வெடிப்பைச் சற்று அகலப்படுத்தும். உருகும், இன்னும் ஆழமாக இறங்கும், மீண்டும் உறையும். இது ஒன்று. இன்னொன்றும் உண்டு. அந்தச் சுவரை வெட்டிய பனியாறு இருந்தவரை, அதன் பக்கத்தில் முட்டுக்கொடுத்து நின்றது. பனி போனதும் முட்டு போயிற்று. பல ஆயிரம் ஆண்டுகளாக அழுத்தத்தில் இருந்த பாறை, அழுத்தம் நீங்கியதும் வெங்காயத் தோல்போல் மேற்பரப்புக்கு இணையாகப் பிளக்கத் தொடங்குகிறது. கப்பலுக்கு ஆழமான வழியைத் தந்த அதே பனிதான் கப்பலின் தலைக்கு மேல் தளர்ந்த பாறையையும் விட்டுப் போயிருக்கிறது.

இத்தகைய சரிவுகளைப் பொறியாளர்கள் கையாளும் வழிகள் பல. கயிற்றில் தொங்கி, தளர்ந்த கற்களைக் கடப்பாரையால் பெயர்த்து விழவைப்பது முதல் வேலை. பெரிய பாளங்களைத் துளைத்து, நீண்ட எஃகுத் தண்டுகளால் உள்பாறையோடு தைப்பார்கள். வலுவான வலைகளைக் கட்டி விழும் கல்லின் வேகத்தைத் தணிப்பார்கள். ரேடாரால் சுவரைத் தொடர்ந்து அளந்தால், சில மில்லிமீட்டர் அசைவுகூடத் தெரியும். பெரும்பாலும் பெரிய பாளம் விழுவதற்கு முன் அதன் நகர்வு வேகமெடுக்கும். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு 3,000 பேரை அதன் கீழே நடக்கவிடலாமா? முடிவெடுப்பது இங்கேதான் கடினமாகிறது.

மூடிவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு பெரிய சொகுசுக் கப்பலும் ஸ்காக்வேக்கு வரவில்லை. கடைகள் பூட்டியே கிடந்தன. அங்கே கம்பளித் தொப்பி விற்ற பெண்மணி, அந்த ஆண்டைப் பற்றிக் கேட்டதும், மீன் பிடித்துச் சாப்பிட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஐந்து மாதம் வரும் கப்பல்தான் பன்னிரண்டு மாதச் சோறு. அதனால் ஊர் மக்கள் துறைமுகத்தை மூடாமல், பாறைக்கு எட்டாத இடத்தில் மிதக்கும் துறைமேடை அமைக்கும் வழியை நாடினார்கள். 55 ஆண்டுகளாகக் குத்தகையில் இருந்த துறைமுக முன்நிலம் 2023இல்தான் நகராட்சியின் கைக்குத் திரும்பியது. மிதக்கும் மேடையில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: நிலம் எழுந்தாலும் அலை இறங்கினாலும், அது கப்பலோடு சேர்ந்தே ஏறி இறங்கும்.

புகையைச் சாப்பிடும் லைக்கன்

மதியம் ஊருக்கு மேலேயுள்ள காட்டுப்பாதையில் ஏறினோம். மரக்கிளைகளில் தாடிபோல் லைக்கன்கள் தொங்கின. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம். அதற்கு வேர் இல்லை. தனக்கு வேண்டியதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே காற்றில் கந்தகமோ ஈயமோ இருந்தால் அதன் உடலில் சேர்ந்துவிடும். அமெரிக்கத் தேசியப் பூங்கா ஆய்வாளர்கள் ஸ்காக்வே வட்டாரத்தில் 1990களின் இறுதியிலும், பத்தாண்டு கழித்தும் லைக்கன்களைச் சேகரித்து அவற்றிலுள்ள கந்தகத்தையும் உலோகங்களையும் அளந்தார்கள். மின்சாரம் வேண்டாத, பழுதாகாத காற்றுத்தர நிலையம்!

கப்பல் நின்றிருந்தாலும் அதன் இயந்திரம் நிற்பதில்லை. விளக்கு, குளிர்சாதனம், சமையலறை எல்லாவற்றுக்கும் துறைமுகத்தில் நிற்கும்போது 6 முதல் 10 மெகாவாட் வரை மின்சாரம் வேண்டும். இருபக்கமும் மலைச்சுவர் இருக்கும் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று அடியிலும் வெப்பக் காற்று அதன்மேலும் மூடிபோல் அமர்ந்துவிட்டால், புகை மேலே போக வழியில்லை. வட அமெரிக்கக் கடற்கரையில் 2015 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, அல்லது புகையைக் கழுவி அதற்கு ஈடாகக் குறைக்க வேண்டும். உலகின் மற்றக் கடல்களில் 2019 வரை 3.5 விழுக்காடு இருக்கலாம் என்றிருந்தது; 2020 முதல் அது 0.5.

கப்பலின் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்கம்பி போட்டால்? ஸ்காக்வேக்குத் தெற்கேயுள்ள ஜூனோவில் 2001இலேயே அப்படிச் செய்தார்கள். சொகுசுக் கப்பலுக்கு உலகிலேயே முதல்முறை. ஸ்காக்வேக்கு மின்சாரம் தருவதில் முக்கியமான கோட் ஏரி நீர்மின் நிலையத்தின் திறன் 4 மெகாவாட். ஒரு கப்பலுக்கே போதாது. மூன்று கப்பலுக்கு எங்கே போவது? எளிய கழித்தல் கணக்குதான், ஆனால் அதற்கு எளிய விடை இல்லை.

மீண்டும் அந்தப் பாலம்

மாலை மூன்றேகால் மணிக்குப் படகுத்துறைக்குத் திரும்பினோம். பாலத்தின் உருவமே மாறியிருந்தது. காலையில் ஏணிபோல் நின்றது, இப்போது நடைபாதைபோல் படுத்திருந்தது. மகள் கைப்பேசியை வைத்தாள். 2 பாகை.

கப்பலில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பாலம் செங்கோண முக்கோணத்தின் கர்ணம், 25 மீட்டர். உயரம் வேண்டுமென்றால் கர்ணத்தைக் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். காலையில் 25 பெருக்கல் சைன் 12 பாகை, 5.2 மீட்டர். மாலையில் 25 பெருக்கல் சைன் 2 பாகை, 0.9 மீட்டர். வித்தியாசம் 4.3 மீட்டர். ஆறேகால் மணி நேரத்தில் கடல் ஒரு மாடி வீட்டின் உயரத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. ஸ்காக்வேயில் சராசரி நாளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய 5 மீட்டர் வித்தியாசம் உண்டு. கிள்ளான் துறைமுகத்திலும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி 4 மீட்டர் வரை வரும். கேரித் தீவு, கெத்தாம் தீவு பக்கம் வசிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பாலம், பொறியாளர் தெரியாமல் சாய்வாகக் கட்டியதன்று. கடலோடு சேர்ந்து சாயும்படி கட்டியது.

“அப்பா, நிலம் வருஷத்துக்கு 17 மில்லிமீட்டர் ஏறுதுன்னா, பத்து வருஷம் கழிச்சு வந்து இதே பாலத்தை அளந்தா, 17 சென்டிமீட்டர் வித்தியாசம் தெரியணும் இல்ல?”

“உன் காலடி அளவுல எத்தனை தப்பு இருக்கும்?”

யோசித்தாள். அடிக்கு நான்கு சென்டிமீட்டர் தப்பு என்றாலும் 33 அடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் பிழை வரும். கைப்பேசி அரைப் பாகை தவறினால் உயரத்தில் 20 சென்டிமீட்டர் போய்விடும். அவள் தேடும் 17 சென்டிமீட்டர் அந்தப் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதோடு, ஒரே நாளில் கடலே 5 மீட்டர் ஏறி இறங்குகிறது. அதற்குள்ளிருந்து 17 மில்லிமீட்டரைப் பிரித்தெடுக்க, எண்பது ஆண்டு அளவுகளின் சராசரி வேண்டியிருக்கிறது.

“அப்ப நாடா கொண்டு வந்திருக்கணும்,” என்றாள்.

கப்பல் மூன்று முறை குறுகலாக ஊதியது. இயந்திரம் பின்னோக்கி இயங்குகிறது என்று மற்றப் படகுகளுக்குச் சொல்லும் சைகை அது. வண்ணப் பெயர்கள் எழுதிய பாறைச் சுவர் மெதுவாக விலகத் தொடங்கியது. மேல்தளத்தில் எல்லாரும் மலையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் கீழே அந்த அலுமினியப் பாலத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.